7.045 நொடி 7.45 ஆனது எப்படி

அனுப்புவதற்கு 380 மில்லிசெகண்ட் முன்பே ஒரு தகவல் வந்து சேர்ந்துவிட்டதாக என் அறிக்கை சொன்னது. ஒரே ஒரு வரி என்றால் கண்ணை மூடிக்கொண்டு அழித்திருப்பேன். 20,000 வரிகளில் 2,013 வரிகள் அப்படி இருந்தன.

அமைப்பு ரொம்பச் சின்னது. ஒரு போர்டில் அதிர்வு உணரி இருக்கிறது. அதிர்வு வந்தால் மட்டும், அங்கே ஓடும் சி நிரல் ஒரு வரியை அனுப்பும். முதலில் நேரம், அப்புறம் அளவு. இன்னொரு கணினியில் பைத்தானில் எழுதிய சேகரிப்பான் அந்த வரியை வாங்கி, வந்து சேர்ந்த நேரத்தை முன்னால் ஒட்டி, மற்றபடி வந்தது வந்தபடியே ஒரு மூலக் கோப்பில் போடும். பிறகு இரண்டு நேரங்களையும் படித்து, மில்லிசெகண்ட் அளவுக்கு வெட்டி, ஒரே வடிவத்தில் இரண்டாவது கோப்பில் எழுதும். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையிலும் சேர்க்கும். இரண்டாவது கோப்பைப் படித்துத் தாமதத்தைக் கணக்கிட ஒரு குட்டிப் பைத்தான் ஸ்கிரிப்ட் உண்டு. வரைபடம் போட, பல வருடங்களுக்கு முன் எழுதிய ஒரு ஜாவா நிரல். நெட்வொர்க் தாமதம் வழக்கமாக 20 முதல் 30 மில்லிசெகண்ட்.

கீழே நேரங்களைச் சொல்லும்போது தேதியை விட்டுவிடுகிறேன். தேதிக்கும் நேரத்துக்கும் நடுவில் வரும் டி எழுத்தும், உலகப் பொது நேரம் என்று காட்டக் கடைசியில் வரும் இசட் எழுத்தும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல். இரண்டு இயந்திரங்கள், இரண்டு கடிகாரங்கள், எதிர்மறைத் தாமதம் என்றால் யாருக்கும் அதுதான் தோன்றும். கணினிக் கடிகாரங்களை நெட்வொர்க் வழியே ஒத்துவைக்கும் என்டிபி சரியாக ஓடுகிறதா, எவ்வளவு விலகல் என்று பார்த்துப் பார்த்து ஒரு மாலை முழுவதும் போனது. விலகல் ஒன்றிரண்டு மில்லிசெகண்டைத் தாண்டவில்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும்: கடிகாரம் பிசகியிருந்தால் எல்லா வரிகளும் பிசகியிருக்கும். பத்தில் ஒரு வரி மட்டும் பிசகி, மற்ற ஒன்பதும் 25 மில்லிசெகண்டில் சமர்த்தாக உட்கார்ந்திருக்காது.

பத்தில் ஒன்று என்ற அந்த விகிதத்தைக் கவனித்த பிறகுதான் வேலை நகர்ந்தது. பத்தில் ஒன்று தற்செயலாக வருகிற விகிதம் இல்லை. நாம் எழுதுவது பத்தடிமான எண்கள். பத்தில் ஒரு முறை நடக்கிற கோளாறு என்றால் ஏதோ ஓர் இலக்கத்தில் சிக்கல் இருக்கிறது. அனுப்பிய நேரங்களில், புள்ளிக்கு அடுத்து வரும் முதல் இலக்கம் எது என்று எண்ணிப் பட்டை வரைபடம் போட்டேன். அதிர்வு இன்ன நேரத்தில்தான் வரும் என்று கணக்கில்லை என்பதால் 0 முதல் 9 வரை பத்துப் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்பதுதான் இருந்தன. பூஜ்யத்துக்கு ஒரு வரிகூட இல்லை. 20,000 அதிர்வுகளில் ஒன்றுகூட ஒரு நொடியின் முதல் பத்தில் ஒரு பங்கில் நிகழவில்லையாம்!

சி நிரலைத் திறந்தேன். நேரத்தை எடுக்கும் அழைப்பு இரண்டு முழு எண்களைத் தருகிறது: நொடி ஒன்று, மைக்ரோசெகண்ட் (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஒன்று. நான் எழுதிய பிரிண்ட்எஃப் வரி நொடியை அச்சிட்டு, ஒரு புள்ளி வைத்து, மைக்ரோசெகண்டை அப்படியே அச்சிடுகிறது. அவ்வளவுதான். 7 நொடி, 450000 மைக்ரோசெகண்ட் என்றால் 7.450000 என்று வரும், சரி. 7 நொடி, 45000 மைக்ரோசெகண்ட் என்றால் 7.45000 என்று வரும். உண்மையான நேரம் 7.045. அதைப் படிப்பவர் கண்ணுக்கு 7.45. சேகரிப்பானில் அது 7.070-க்கு வந்து சேர்ந்திருக்கிறது. 7.070-இலிருந்து 7.450-ஐக் கழித்தால் அந்த 380 மில்லிசெகண்ட் எதிர்மறை.

புள்ளிக்கு முன்னால் நிற்கும் எண்ணில் இடப்பக்கப் பூஜ்யத்துக்கு மதிப்பில்லை. 07-உம் 7-உம் ஒன்றே. புள்ளிக்குப் பின்னால் வலப்பக்கப் பூஜ்யத்துக்குத்தான் மதிப்பில்லை; .50-உம் .5-உம் ஒன்று. 45000 என்ற முழு எண் கணினிக்குள் இருந்தவரை முதல் விதிப்படி வாழ்ந்தது. நான் அதைத் தூக்கிப் புள்ளிக்குப் பின்னால் வைத்த கணத்தில் இரண்டாவது விதிக்குள் வந்துவிட்டது. எல்லை தாண்டும்போது அதன் கையில் ஒரு பூஜ்யத்தைக் கொடுத்து அனுப்பியிருக்க வேண்டும். இந்தப் பதிவில் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி, இதே எல்லையை வேறு வேறு இடங்களில் கவனிக்காமல் தாண்டியதால் வந்தவைதான்.

பைத்தானைக் குறை சொல்ல முடியாது. எழுத்துச் சரத்தை நேரமாகப் படிக்கும் ஸ்டிரிப்டைம் செயற்கூறில் சதவீதக் குறியோடு எஃப் போட்டால் ஒன்று முதல் ஆறு இலக்கம் வரை ஏற்கும், குறைந்தால் வலப்பக்கம் பூஜ்யம் நிரப்பிக்கொள்ளும். .45000 என்று கொடுத்தால் .450000 என்று படிக்கும். பின்னத்தை அப்படித்தான் படிக்க வேண்டும். படித்தவன் சரி, எழுதியவன் தப்பு. ஆனால் படித்தவன் கண்டிப்பாக ஆறு இலக்கம் கேட்டிருந்தால் முதல் நாளே ஐந்து இலக்க வரி ஒன்றில் நின்று கத்தியிருக்கும். எல்லாவற்றையும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொள்ளும் பார்சர் (சரத்தைப் படித்து மதிப்பாக்கும் நிரல்) எனக்கு முன்பு பிடிக்கும். இப்போது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

திருத்தம் ஒரு நிமிட வேலை: மைக்ரோசெகண்டை ஆறு இலக்க அகலத்தில், இடப்பக்கம் பூஜ்யம் நிரப்பி அச்சிடச் சொல்வது. சதவீதக் குறிக்கும் எல்டி எழுத்துகளுக்கும் நடுவில் 06. இரண்டு எழுத்து.

அதற்கு முன் வேறொன்று செய்யப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நொடியையும் மைக்ரோசெகண்டையும் கூட்டி ஒரே தசம எண்ணாக்கி, மூன்று தசம இடத்தோடு அச்சிட்டால் பூஜ்யமெல்லாம் தானாகவே சரியாக வருமே என்று தோன்றியது. பூஜ்யம் வரும்தான். கூடவே 59.9996 நொடி என்ற நேரம் 60.000 என்றும் வரும், ஏனென்றால் பிரிண்ட்எஃப் வெட்டாது, அருகிலுள்ள மதிப்புக்கு முழுமையாக்கும். நிமிடமும் மணியும் ஏற்கெனவே தனியாக அச்சாகிவிட்டன. அவற்றுக்கு இந்த உயர்வு தெரியாது. 10:15:60.000 என்று ஒரு நேரம் பிறக்கும். பூமியின் சுழற்சியோடு ஒத்துவர ஒரு நொடியை, லீப் நொடியை, கூடுதலாகச் சேர்க்கும் நாளைத் தவிர அப்படி ஒரு நேரம் கிடையாது. பைத்தானின் தேதிநேர வகை அந்த நாளில்கூட 60-ஐ ஏற்காது. நொடி 59 ஆகவும் பின்னம் .9995-க்கு மேலும் இருந்தால்தான் இது நடக்கும் என்பதால் 1,20,000 வரிக்கு ஒரு முறை. சோதனையில் தென்படவே தென்படாது. அன்றாடம் ஓடும்போது எப்போதாவது ஒரு நாள் வந்து நிற்கும்.

இதனால் நேரத்தை அச்சிடும்போது நான் எப்போதும் வெட்டுகிறேன், முழுமையாக்குவதில்லை. கால அளவு என்றால் வேறு விஷயம். 2.9996 நொடி ஆனது என்பதை 3 நொடி என்று சொல்லலாம். ஆனால் இன்னும் வராத ஒரு நிமிடத்தை வந்துவிட்டதாகக் கடிகாரம் காட்டக்கூடாது.

அடுத்த கேள்வி, ஏற்கெனவே பதிவான 20,000 வரிகள். இரண்டாவது கோப்பில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. அங்கே .45 என்று இருப்பது உண்மையில் 450000 மைக்ரோசெகண்டாக இருக்கலாம், 45000, 4500, 450, 45 எதுவாகவும் இருக்கலாம். ஒரே சரமாகப் படித்து ஒரே மதிப்பாக மாற்றிய பிறகு அந்த வேறுபாடு போய்விட்டது. காப்பாற்றியது மூலக் கோப்பு. சி நிரல் வலப்பக்கப் பூஜ்யத்தை என்றும் கழற்றியதில்லை. ஆகவே புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் இருந்தால் முன்னால் ஒரு பூஜ்யம், நான்கு இருந்தால் இரண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு ஆறுக்கு நிரப்பலாம். 7.45000 என்பது 7.045000 ஆகும், 7.450000 தொடப்படாது. தெளிவில்லாத வரி ஒன்றுமில்லை. இடம் அடைக்கிறதே என்று போன மாதம் அந்தக் கோப்பை அழிக்க நினைத்தேன்.

சரி செய்து, இரண்டாவது கோப்பைப் புதிதாக உருவாக்கி, தாமத ஸ்கிரிப்டை ஓட்டினேன். எதிர்மறை ஒன்றுமில்லை. எல்லாம் 20-க்கும் 30-க்கும் நடுவில். அங்கேயே நிறுத்தியிருப்பேன், ஸ்கிரிப்ட் கடைசியில் அச்சிடும் வரி எண்ணிக்கை மட்டும் கண்ணில் படாமல் இருந்திருந்தால். 20,000-க்கு 19,961. திருத்துவதற்கு முன் ஓட்டியபோது என்ன வந்தது என்று பழைய வெளியீட்டைப் பார்த்தேன்: 19,979. அதாவது முன்பு 21 வரி காணாமல் போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. பிழையைத் திருத்திய பிறகு 39 காணவில்லை.

ஆயிரத்துக்கு ஒன்று, பிறகு ஆயிரத்துக்கு இரண்டு. மில்லிசெகண்ட் என்றாலே ஆயிரம். இந்த முறை கடிகாரத்தின் பக்கம் போகவில்லை.

நான் இரண்டு நேரங்களையும் மில்லிசெகண்டுக்கு வெட்டிய பிறகு நேரத்தைச் சரமாக்கும் பைத்தானின் ஐசோஃபார்மேட் மூலம் எழுதுகிறேன். அதற்கு ஒரு பழக்கம்: மைக்ரோசெகண்ட் பூஜ்யமாக இருந்தால் புள்ளியையும் பின்னத்தையும் சேர்த்தே விட்டுவிடும். 10:15:07.001 எழுதும், 10:15:07.000 எழுதாது, வெறும் 10:15:07 என்று எழுதும். வெட்டாமல் விட்டிருந்தால் பத்து லட்சத்தில் ஒரு முறை நடக்கிற விஷயம். நான் வெட்டியதால் ஆயிரத்தில் ஒரு முறை ஆனது. படிக்கும் ஸ்கிரிப்ட்டோ, புள்ளியும் பின்னமும் கட்டாயம் இருக்க வேண்டும் என்ற வடிவத்தோடு ஸ்டிரிப்டைமைக் கூப்பிடுகிறது. பொருந்தவில்லை என்று அது பிழை எறிய, நான் அந்தப் பிழையைப் பிடித்து, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லியிருந்தேன். எந்தக் காலத்திலோ, ஏதோ ஓர் உடைந்த வரிக்காக எழுதியது.

திருத்திய பிறகு ஏன் இரண்டு மடங்கானது? இது புரிய கொஞ்ச நேரம் ஆனது. ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள். வந்து சேர்ந்த நேரம் ஆயிரத்தில் ஒரு முறை பூஜ்ய மில்லிசெகண்டில் விழும். அது முன்பும் நடந்தது. அனுப்பிய நேரமும் அப்படியே விழ வேண்டும், ஆனால் பழைய சி பிழை பின்னத்தின் தொடக்கத்தில் பூஜ்யமே வரவிடவில்லை. .000 என்று தொடங்க வேண்டியதெல்லாம் .1-லிருந்து .9-க்குள் எங்கோ போய் உட்கார்ந்திருந்தது. சி பிழையைத் திருத்தியதும் அந்தப் பூஜ்யங்கள் திரும்பி வந்தன, பைத்தான் அவற்றை விழுங்கியது. ஒரு பிழை இன்னொன்றுக்குப் பாதி மறைப்பாக இருந்திருக்கிறது.

ஐசோஃபார்மேட்டுக்கு எத்தனை இலக்கம் வேண்டும் என்று சொல்லும் டைம்ஸ்பெக் என்ற விருப்பத் தேர்வு பைத்தான் 3.6-இலிருந்து உண்டு. மில்லிசெகண்ட் என்று கொடுத்தால் எப்போதும் மூன்று இலக்கம், பூஜ்யமானாலும். அது வெட்டத்தான் செய்யும், முழுமையாக்காது என்பதால் என் கையால் செய்த வெட்டலைத் தூக்கிப் போட்டேன். படிக்கும் பக்கம் அதன் எதிரான ஃப்ரம்ஐசோஃபார்மேட் பயன்படுத்தலாம், ஆனால் 3.11-க்கு முன் அது மூன்று அல்லது ஆறு இலக்கப் பின்னத்தை மட்டுமே ஏற்கும், கடைசி இசட் எழுத்தையும் ஏற்காது. என் இயந்திரங்களில் ஒன்றில் இன்னும் பழைய பதிப்பு இருப்பதால் ஸ்டிரிப்டைமோடு இருந்துவிட்டேன். பிழை பிடிக்கும் இடத்தில் இப்போது வரி எண்ணோடு அச்சிடுகிறது. பத்தைத் தாண்டினால் நிரலே நின்றுவிடும்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. எல்லாம் சரியாகிவிட்டதே, ஏன் மில்லிசெகண்டோடு நிற்க வேண்டும், மைக்ரோசெகண்ட் வரை ஆறு இலக்கம் வைத்துக்கொள்ளலாமே என்று. பைத்தானில் டைம்ஸ்பெக்கை மாற்றினேன். ஜாவா நிரலின் வடிவச் சரத்தில் புள்ளிக்குப் பின் மூன்று எஸ் இருந்தது, ஆறு எஸ் ஆக்கினேன். அது எந்தப் புகாரும் இல்லாமல் ஓடியது. வரைபடத்தைப் பார்த்தால், சில நொடிகளுக்குள் கொத்தாக நிகழ்ந்த அதிர்வுகள் கால் மணி நேரத்துக்கு மேல் சிதறிக் கிடந்தன.

என் ஜாவா நிரல் நேரத்தைப் படிக்கப் பயன்படுத்தியது பழைய சிம்பிள்டேட்ஃபார்மேட் வகுப்பு. அதில் எஸ் என்றால் பின்னம் அல்ல, மில்லிசெகண்ட் எண்ணிக்கை. எத்தனை எஸ் போட்டாலும் அதே பொருள். 7.045000 என்று கொடுத்தால் புள்ளிக்குப் பின் உள்ளதை 45,000 மில்லிசெகண்ட் என்று எடுத்துக்கொண்டு, அதாவது 45 நொடி, ஏழோடு கூட்டி 52 நொடி என்று விடை சொல்லும். .999999 என்றால் 999.999 நொடி, 16 நிமிடம் 40 நொடிக்கு ஒரு மில்லிசெகண்ட் குறைவு. மூன்று இலக்கம் இருந்தவரை பின்னமும் மில்லிசெகண்ட் எண்ணிக்கையும் தற்செயலாக ஒரே எண். அதனால் இத்தனை வருடம் ஓடியது. ஓர் இலக்கம் மட்டும் வந்தால் எதிர்ப்பக்கம் தப்பும்: .5 என்பது அரை நொடி அல்ல, 5 மில்லிசெகண்ட் ஆகிவிடும். எழுதும்போதும் இதே கூத்து. 45 மில்லிசெகண்டை ஆறு எஸ் போட்டு எழுதச் சொன்னால் .000045 என்று எழுதும். பார்ப்பவருக்கு அது 45 மைக்ரோசெகண்ட்.

அது பிழையாக எகிறாததற்குக் காரணம், அந்த வகுப்பு இயல்பாகவே தளர்வாகப் படிக்கும். 45,000 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கும் நிமிடத்துக்கும் கடத்திக்கொண்டு போய்விடும். லீனியன்ட் என்ற அந்தத் தளர்வு அமைப்பை அணைத்திருந்தால் 999-க்கு மேற்பட்ட மில்லிசெகண்டைப் பார்த்ததும் நின்றிருக்கும். மேலே சொன்ன 10:15:60.000 என்ற அபத்தம்கூட இதில் 10:16:00 என்று சரியாகவே படிக்கப்படும் என்பது வேடிக்கை.

2014-இல் வந்த ஜாவா 8-இன் புதிய நேர நூலகத்தில், டேட்டைம்ஃபார்மேட்டரில், அதே எஸ் எழுத்து உண்மையிலேயே நொடியின் பின்னம். ஆறு எஸ் என்றால் ஆறு இலக்கம், அதுவும் படிக்கும்போது கண்டிப்பாக ஆறு. பழைய நிரலில் இருந்து வடிவச் சரத்தை அப்படியே வெட்டி ஒட்டலாம், எழுத்துப் பிழையே வராது, பொருள் மட்டும் மாறியிருக்கும். நான் நிரலைப் புதிய நூலகத்துக்கு மாற்றினேன். இலக்கம் கூடக்குறைய வரும் இடத்தில், பில்டர் வகுப்பில் இருக்கும் அப்பென்ட்ஃப்ராக்ஷன் மூலம், பூஜ்யம் முதல் ஒன்பது இலக்கம் வரை, புள்ளியும் விருப்பத்துக்குரியது என்று சொல்லலாம். என் கோப்பை எழுதுவதும் நானே என்பதால் தளர்வு வேண்டாம், கண்டிப்பாக ஆறு என்று வைத்தேன்.

எழுத்துகளின் பொருள் விஷயத்தில் எந்த இரண்டு நூலகமும் ஒத்துப்போவதில்லை. டாட்நெட்டில் சின்ன எஃப் பூஜ்யத்தை வைத்துக்கொள்ளும், பெரிய எஃப் கடைசிப் பூஜ்யங்களைக் கழற்றிவிடும். ஷிஃப்ட் விசை அழுத்தினோமா இல்லையா என்பதில் இருக்கிறது அகலம். கோ மொழியில் புள்ளிக்குப் பின் 000 என்று வைத்தால் பூஜ்யம் நிலைக்கும், 999 என்று வைத்தால் கழலும். ஜாவாஸ்கிரிப்டின் டூஐசோஸ்டிரிங் எப்போதும் மூன்று இலக்கம், ஏனென்றால் அதன் தேதி வகைக்கு மில்லிசெகண்டுக்குக் கீழே எதுவும் தெரியாது. ஜாவாவின் இன்ஸ்டன்ட் வகை தன் சரத்தில் பூஜ்யம், மூன்று, ஆறு, ஒன்பது என்று தேவைக்கேற்ப எழுதும்.

அகலம் மாறுவதில் பார்சருக்கு அப்பாலும் ஒரு தொல்லை உண்டு, வரிசைப்படுத்தல். இந்த வடிவ நேரங்களைச் சரமாகவே அடுக்கினால் கால வரிசையில் வரும் என்று நம்பித்தான் கோப்புகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளையால் இணைக்கிறோம். இலக்கங்கள் சமமாக இருந்தால்தான் அந்த நம்பிக்கை நிற்கும். கடைசியில் இசட் எழுத்து இருக்கிறது அல்லவா? எழுத்துகளுக்குக் கணினி தரும் எண்களின் ஆஸ்கி வரிசையில் புள்ளி 46, எண்கள் 48-இலிருந்து 57, இசட் 90. பின்னமே இல்லாத 07 நொடியில் புள்ளி வர வேண்டிய இடத்தில் இசட் நிற்கும். ஆகவே 07, 07.5-க்குப் பின்னால் போகும். 07.51-ஓ 07.5-க்கு முன்னால் வரும். பைத்தான் விட்டுவிட்ட .000-களைத் தேடியபோது இதையும் பார்த்தேன்: அவற்றில் வந்து சேர்ந்த நேரம் .000 ஆன வரிகள் அவரவர் நொடியின் கடைசியில் நின்றுகொண்டிருந்தன, முதலில் நிற்க வேண்டியவை. கடைசிப் பூஜ்யத்தைக் கழற்றுவது அழகுக்காகத்தான் என்றால் அந்த அழகு எனக்கு வேண்டாம்.

மைஎஸ்க்யூஎல் அட்டவணை மிச்சம். பார்த்தால் எல்லா நேரங்களும் முழு நொடியாக இருந்தன. டேட்டைம் நெடுவரிசைக்கு எத்தனை பின்ன இலக்கம் என்று சொல்லாவிட்டால் பூஜ்யம் என்று பொருள். 5.6.4 பதிப்பிலிருந்து ஆறு வரை கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. சரி, பின்னம் போனது என்று விட்டுவிடலாம் என்றால், அது வெட்டவில்லை, முழுமையாக்குகிறது. 23:59:59.7-க்கு வந்த ஓர் அதிர்வு அட்டவணையில் மறுநாள் 00:00:00 என்று இருந்தது. நாள்வாரி எண்ணிக்கையில் கோப்புக்கும் அட்டவணைக்கும் ஒரே ஓர் எண் வித்தியாசம் இருந்ததற்குக் காரணம் அதுதான். நெடுவரிசையை ஆறு இலக்கத்துக்கு மாற்றி, மூலக் கோப்பிலிருந்து மறுபடி ஏற்றினேன்.

எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை இன்னும் ஒரு படி மேலே. அது நொடியை 300 பங்காகப் பிரித்து வைத்துக்கொள்வதால் மில்லிசெகண்டின் கடைசி இலக்கம் 0, 3, 7 மட்டும்தான். நாளின் முடிவு என்று 23:59:59.999 கொடுத்தால் மறுநாள் நள்ளிரவாகிவிடும். எந்தத் தரவுத்தளமானாலும், நாள் முடிவை 999 என்று எழுதாமல், மறுநாள் பூஜ்ய மணிக்குக் குறைவான என்று எழுதினால் இந்தக் கணக்கே தேவையில்லை.

இன்னொரு மூலையில் பைத்தானின் லாகிங் தொகுதி எழுதிய சேகரிப்பானின் சொந்தப் பதிவுகள் கிடந்தன. அவற்றில் மில்லிசெகண்டுக்கு முன் புள்ளி இல்லை, காற்புள்ளி. தேதி, நேரம் எழுதும் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 இரண்டையும் அனுமதிக்கிறது. 2002-இல் வந்த இணையத் தரமான ஆர்எஃப்சி 3339 புள்ளியை மட்டும். இவற்றை இணைக்கும்போது காற்புள்ளியை மாற்ற ஒரு வரி சேர்த்தேன், முடிந்தது.

ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டேன். நேரத்தை 1970-இலிருந்து எத்தனை நொடி என்று ஒரே மிதவைப் புள்ளி எண்ணாக (கணினி தசம எண்களை வைத்துக்கொள்ளும் வடிவம்) அனுப்பினால் இந்த வடிவத் தொல்லையே இல்லையே என்று கேட்கலாம். இப்போதைய மதிப்பு 170 கோடிக்கு மேல். 64 பிட் மிதவை எண்ணில் 53 பிட் துல்லியம். நொடிக்கே 31 பிட் போய்விடுகிறது, பின்னத்துக்கு மிச்சம் 22. ஒரு படி ஏறக்குறைய 0.24 மைக்ரோசெகண்ட். மைக்ரோசெகண்ட் மட்டும் எப்படியோ தாக்குப்பிடிக்கும், நானோசெகண்ட் வாய்ப்பே இல்லை. அதிலும் பின்னத்தை எடுத்து வெட்டினால் 045000 சில நேரம் 044999 ஆகும். எண்ணாகவே அனுப்ப வேண்டும் என்றால் மைக்ரோசெகண்டை முழு எண்ணாக அனுப்புவேன். அங்கேயும் 1970-க்கு முந்தைய நேரங்களில் கவனம் வேண்டும்: மைனஸ் அரை நொடி என்பது மைனஸ் 1 நொடியும் கூட்டல் 500000 மைக்ரோசெகண்டும். சி-யிலும் ஜாவாவிலும் சாதாரண வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும் என்பதால் பின்னமே எதிர்மறையாக வரும். ஜாவாவில் கீழ்நோக்கி வகுக்க ஃப்ளோர்டிவ் இருக்கிறது. பைத்தானின் இரட்டைச் சாய்கோடு தானாகவே கீழ்நோக்கிப் போகும்.

சோதனைக்கென்று ஒரு சின்னக் கோப்பு வைத்துக்கொண்டேன். அதில் .000000, .000001, .045000, .5, .999999, பின்னமே இல்லாத ஒன்று, ஒன்பது இலக்கத்தில் ஒன்று, காற்புள்ளியோடு ஒன்று, 59.9996, நள்ளிரவுக்கு முந்தைய .7, 1969-இல் ஒரு நேரம். ஒவ்வொரு நிரலும் எழுதியதை மற்ற இரண்டும் படித்து அதே மைக்ரோசெகண்ட் முழு எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது ஏற்க முடியாது என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். இப்போதைய நேரத்தை எடுத்துச் சோதிக்கும் பழைய சோதனைகளை எடுத்துவிட்டேன். அவை பத்தில் ஒன்பது முறை வெற்றி பெற்றுக்கொண்டிருந்தவை.

கடைசியாக அந்தப் பட்டை வரைபடத்தை மறுபடி போட்டேன். பத்துப் பட்டைகள். பூஜ்யத்துக்கு 2,013, மற்றவையும் அதை ஒட்டி. 20,000-க்கும் மேலாக மூலக் கோப்பில் இன்னும் மூன்று வரிகள் உண்டு. சேகரிப்பானின் மின்சாரம் போனபோது பாதியில் அறுந்தவை. பழைய பிரிண்ட்எஃப் காலத்தவை. ஒன்று 07.45 என்பதோடு நிற்கிறது. அது 45 மைக்ரோசெகண்டா, 45000-இன் முதல் இரண்டு இலக்கமா, 450000-இன் முதல் இரண்டா என்று சொல்ல வழியில்லை. அந்த மூன்றையும் தனிக் கோப்பில் எடுத்து வைத்துவிட்டு, கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.